'ஈ' டிக்கெட்

மிகச் சிலிர்ப்பூட்டும் அனுபவத்தை அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஈ டிக்கெட்' என்பதுண்டு. 1983இல் விண்வெளிக்குச் சென்ற சாலி ரைடும் விண்ணோடம் மேலெழுந்த கணங்களை அப்படித்தான் வருணித்தார். சொல் பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்து. 1955இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் சவாரிக்குச் சவாரி தனிச்சீட்டு. 1959 முதல் 'ஈ' வகையே அவற்றுள் உயர்ந்தது. 1982இல் அம்முறை ஒழிந்து ஒரே நுழைவுச்சீட்டு நிலைத்தது.

அந்த ஒரே சீட்டில் ஒரு சமத்துவம் இருந்தது. உள்ளே நுழைந்தபின், மிகச் சிலர் நீங்கலாக, எழுத்தரின் பிள்ளையும் முதலாளியின் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றனர். 1999இல் வந்த 'ஃபாஸ்ட்பாஸ்' கூட அனைவருக்கும் இலவசமே. 2021இல் அதன் இடத்தில் கட்டணச் சேவை வந்தது.

2024 அக்டோபரில், கூட்டம் மிகும் நாள்களின் சீட்டு 206 டாலரை எட்டியது. 10 வயது நிரம்பிய பிள்ளைக்கும் அதே விலை. நால்வருக்கு அப்போது 824 டாலர்; விடுதி, உணவு, வண்டி நிறுத்தம் வேறு. இதையாவது ஓராண்டு சிறுகச் சிறுகச் சேமித்துவிடலாம். உள்ளே நேர்வதுதான் கடினம். நெடுநேரமாய் வெயிலில் நிற்கும் குழந்தையின் கண்ணெதிரே, இப்போதுதான் வந்த இன்னொரு குழந்தை பக்கத்துப் பாதையில் விறுவிறுவென உள்ளே போகிறது. 'அவர்கள் மட்டும் எப்படி?' என்ற கேள்விக்குத் தந்தை எதையோ சொல்லி மழுப்ப வேண்டியிருக்கிறது.

முந்திச் செல்லும் பாதையின் பெயர் 'லைட்னிங் லேன்'. மற்றது 'ஸ்டாண்ட்பை', விமான நிலையங்களில் இருக்கை உறுதியாகாமல் காத்திருப்போரைக் குறிக்கும் அதே சொல். இத்தனை டாலர் கொடுத்து வந்தவருக்கும் இங்கே அதுதான் பெயர்.