ஆச்சிக்கு விளங்கிய இலக்கம்

விடுமுறையில் உம்மாவுடன் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். தேங்காய் வாங்கி, ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினோம். ஆச்சியிடம் சில்லறை இல்லை. பக்கத்துக் கடையில் லங்கா கியூஆர் அட்டை இருந்தது. மத்திய வங்கி 2018இல் வகுத்த பொதுத் தரம் அது. வெவ்வேறு வங்கிகளின் செயலிகளும் அதை வாசிக்கும். உம்மா அதில் செலுத்த, கடைக்கார அண்ணா ஆச்சிக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். இல்லாவிட்டால் அந்த வியாபாரம் போயிருக்கும்.

"நீங்களும் ஒன்று எடுங்கோ ஆச்சி," என்றேன். அட்டை வெறும் அச்சுத் தாள். வங்கிக் கணக்கும், குறுஞ்செய்தி வரும் பட்டன் போனும் போதும் என்று பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். அண்ணா தன் போனுக்கு வந்த செய்தியைக் காட்டினார். முழுக்க ஆங்கிலம்.

ஆச்சி உற்றுப் பார்த்தார். "இலக்கம் விளங்குது பிள்ளை. காசு வந்ததோ போனதோ எண்டு எப்படித் தெரியும்?"