பெருநாளுக்குப் பின் இரண்டு யூனிட்

ரமளானில் எங்கள் வாப்பாவின் இன்சுலின் நேரங்களை மருத்துவர் மாற்றியிருந்தார். வழக்கமான காலை அளவு இஃப்தாருக்கு. இரவு அளவில் பாதி ஸஹருக்கு. நோன்புப் பெருநாளுடன் பழைய நேரங்கள் திரும்பின. உடல் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 204 காட்டியது. ஷவ்வாலின் ஆறு நோன்பை உடனே தொடங்க வேண்டும், அதற்காக ஊசியின் அளவை ஒரேயடியாகக் கூட்டலாமா என்று வாப்பா கேட்டார்.

மருத்துவர் இசையவில்லை. காலை எண் முந்திய இரவு ஊசியின் பலனைச் சொல்வது என்று விளக்கினார். மூன்று நாள் எண்களைப் பார்த்தே இரவு அளவில் இரண்டு யூனிட் கூட்ட வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் உடனே குறைக்க வேண்டும். உயர்ந்த சர்க்கரை பெரும்பாலும் மெல்லக் கெடுக்கும். தாழ்ந்த சர்க்கரையோ உறக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

உம்மா நாள்தோறும் எண்களைக் குறித்துவந்தார். பெருநாள் பலகாரங்களை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். வாப்பாவின் தலைமாட்டில் குளுக்கோஸ் பொடி வைத்தோம். பன்னிரண்டாம் நாள் காலை எண் 138 ஆனது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆறு நோன்பை இவ்வாண்டு விட்டுவிட வாப்பா மனமொப்பினார். அது ஸுன்னத், அல்லாஹ் ஒப்படைத்த அமானிதமான உடலைக் காப்பது கடமை. இரண்டிரண்டு யூனிட்டாகக் காத்திருந்த அந்நாட்களும் ஸப்ரின் நாட்களே என்று கருதுகிறோம்.

அன்பர்களே, வாப்பாவின் அளவு வேறொருவருக்குப் பொருந்தாது. உங்கள் அளவை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.