கூடியிருந்து தனித்துண்டோம்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்குத் தொல்காப்பியர் அப்பெயரைச் சூட்டினார். வள்ளுவரிடத்தில் அச்சொல் இல்லம் தேடிப் புதிதாய் வந்த மனிதரைக் குறித்தது. அவரைப் பேணுதற்கென்றே ஒன்பதாம் அதிகாரம் எழுந்தது. வந்தவரைக் குறித்த சொல் நாளடைவில் அவருக்குப் படைக்கும் உணவைக் குறிக்கலாயிற்று. இன்றோ உணவு மட்டும் எஞ்சியிருக்க, வந்தவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இவ்வாறு என்னை எண்ண வைத்தது, 2023 மே மாத இறுதியில் எங்கள் துறையின் மூத்த பேராசிரியருக்கு நகரின் பெரிய உணவகம் ஒன்றில் நாங்கள் அளித்த பிரிவு விருந்து.

ஐயா அவர்கள் கடலோர ஊரினர். தம் பாட்டியார் கைப்பட எழுதி வைத்த அரபுத்தமிழ் ஏடு ஒன்றைப் பற்றி அடிக்கடி குறிப்பிடுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அம்மரபில் பள்ளிக்கூடமே கண்டிராத அம்மூதாட்டி எவ்வாறு தேர்ந்தார், அவரிடம் பேரர் எவ்வாறு எழுத்தறிந்தார் என்பதை நாங்கள் பலமுறை கேட்டோம். "அது நின்றுகொண்டு சொல்லும் செய்தியன்று, ஒருநாள் உண்டு முடித்து உட்கார்ந்து சொல்கிறேன்" என்பதே விடையாக இருந்தது. மறுவாரமே வளைகுடாவில் உள்ள மகனிடம் அவர் செல்லவிருந்தார். ஆகவே அன்று மாலை துணிப்பை ஒன்றுடன் அவர் வந்து இறங்கியதும், அதனுள் இருப்பது இன்னதென்று எங்களுக்குச் சொல்லாமலே விளங்கிற்று.

நாங்கள் இருபத்திருவர். நான்கைந்து சிறு மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீள மேசையாக்கியிருந்தனர். ஒரு கோடியில் பேசியது மறு கோடிக்கு எட்டவில்லை. போதாக்குறைக்குத் தலைக்குமேல் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. ஒலியைக் குறைக்குமாறு இருமுறை வேண்டினோம். முதன்முறை குறைத்தனர், சற்றுநேரத்தில் அது தானே பழைய நிலைக்கு மீண்டுவிட்டது. விலைப்பட்டியலோ பதினான்கு பக்கம். அவரவர் தமக்கு வேண்டியதைச் சொல்ல, பணியாளர் கைக்கருவியில் பதிந்துகொண்டு போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து நால்வருக்கு மட்டும் சூப் வந்தது. பிறகு இங்கொரு நாண், அங்கொரு வறுத்த சோறு. வந்தவர் வராதவரைப் பார்ப்பதும், "ஆறிவிடும், தொடங்குங்கள்" என வராதவர் வற்புறுத்துவதுமாகப் பொழுது கழிந்தது. உண்டவரும் நாணத்தோடு உண்டனர். காத்திருந்தவரும் பசியை மறைத்துப் புன்னகை செய்தனர். ஐயா கேட்டதோ இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எல்லார்க்கும் எல்லாம் வந்து, சிலர் கைகழுவித் திரும்பிய பின்னரே அது வந்தது. யாரைச் சிறப்பிக்கக் கூடினோமோ அவர் ஒருவரே உண்ண, இருபத்தொருவர் பார்த்திருந்தோம். மேசையில் இடமின்மையால் துணிப்பை அவர் மடியிலேயே கிடந்தது. அவர் விரைந்து உண்டார். பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

பணியாளரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவ்விளைஞர் எங்கள் மேசையோடு இன்னும் மூன்று மேசைகளைக் கவனித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். குறை அமைப்பில் இருக்கிறது. சீன வாணலியில் ஒரு வேளைக்கு இரண்டொரு தட்டுக்கான சோற்றைத்தான் வறுக்க இயலும். நாண் அடுப்புச் சுவரில் சில ரொட்டிகளையே ஒருசேர ஒட்ட முடியும். இருபத்திருவர் இருபது விதமாகக் கேட்டால் அடுப்பு வரிசையில்தான் விடைசொல்லும். நம் வீட்டு நிக்காஹ்களில் பண்டாரி தேக்சாவில் தம் போட்டு இறக்கும் பிரியாணியோ வேறு வகையினது. நெடுநேர உழைப்பை முன்னரே முடித்துவிட்டு, மூடி திறந்தபின் நூறு பேருக்கும் சூடாறாமல் பரிமாறத்தக்கது.

உணவகம் என்னும் நிறுவனத்தின் பிறப்பே இதற்குக் காரணம் கூறும். ரெஸ்டாரன்ட் என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் உடலுக்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றைக் குறித்தது. பாரிசில் 1760களில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கும் அதுவே பெயராயிற்று. விடுதிகளின் பொது மேசையில், குறித்த வேளையில், வைத்ததை உண்டு பழகியிருந்தவர்களுக்குத் தனி மேசையையும், விரும்பிய வேளையையும், விரும்பிய பண்டத்தையும் அவை தந்தன. தனியொருவரின் வசதிக்காகத் தோன்றிய அவ்விடத்தில் ஒரு கூட்டமாகச் சென்று அமர்ந்து, கூட்டுண்ணும் இன்பத்தை எதிர்பார்த்தோம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் சஹன் சாப்பாட்டை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. அகன்ற தாலத்தில் நெய்ச்சோறு குவிந்திருக்கும். இருவரோ மூவரோ நால்வரோ சுற்றி அமர்வர். காத்திருப்பின் எல்லாரும் காத்திருப்பர்; வந்தால் எல்லார்க்கும் வந்துவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அரவணைப்பில் வளர்ந்த சிறுவருக்குத் தன் பக்கத்தில் உள்ளதை உண்ணுமாறு கற்பித்தது இத்தகைய பொதுத்தட்டில்தான். மூத்தவர் நல்ல கறித்துண்டை இளையவர் பக்கம் மெல்லத் தள்ளிவிடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இம்முறை எல்லார்க்கும் ஒத்துவரும் என்று நான் சாதிக்க மாட்டேன். எங்கள் துறையிலேயே புலால் உண்ணாதோர் மூவர். சர்க்கரை நோய்க்கு அளந்து உண்பவர் இருவர். 2020-இன் பெருந்தொற்றுக்குப் பின் தயங்குவோரும் உளர். எனினும் ஒரு தட்டா பல தட்டா என்பதைக் காட்டிலும், ஒரே வேளையில் உண்டோமா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கணக்குச் சீட்டும் ஒரு படலமாயிற்று. வரிக்கு மேலாகச் சேவைக் கட்டணம் என்று 1,680 ரூபாய். அதைத் தானாகச் சேர்க்கலாகாது என நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வகுத்திருந்தது. ஆனால் அப்போது அதற்கு நீதிமன்றத் தடை இருந்தது. அந்நெறிமுறை செல்லும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்றுதான் தீர்ப்பளித்தது. எங்களில் ஒருவர் வாதிட, மற்றொருவர் அடக்க, மொத்தம் 19,404 ரூபாயை இருபத்தொருவருக்குப் பங்கிட்டு ஆளுக்கு 924 என்று கைபேசியில் கண்டறிந்து நிமிர்ந்தபோது, ஐயா வாயிலில் நின்றிருந்தார்.

"அந்த ஏடு, ஐயா?" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ், இன்னொரு நாள். உங்களுக்கெல்லாம் நேரமாகிவிட்டதே, தம்பி" என்றார்.

அதன்பின் தொலைபேசியில் பலமுறை பேசியிருக்கிறோம். எழுத்துகளைக் கண்முன் காட்டிச் சொல்ல வேண்டிய செய்தி அது என்பார், அவ்வளவே. இவ்வாண்டு துறையில் இன்னொருவர் ஓய்வு பெறுகிறார். விருந்து கல்லூரி மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் என்று முடிவாகியுள்ளது. அந்த வாரத்தில் ஊர் வருவதாக ஐயாவும் எழுதியிருக்கிறார். மரக்கறி உண்போருக்கு எத்தனை இலை, ஏனையோர்க்கு எத்தனை சஹன் என்று பண்டாரி நேற்றும் கேட்டனுப்பினார். பட்டியல் என் மேசைமேல் இருக்கிறது.