ஒரு ராத்திரிக்கு அரை யூனிட்



போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். "தூக்கிட்டுப் போற மாதிரி சின்ன சோலார் செட் ஒண்ணு வாங்கணும். நீங்கதான் வச்சிருக்கீங்களே, எதை வாங்கலாம்னு ஒரு பேரு சொல்லுங்க"ன்னார். நான் பேரு சொல்லலை. "உங்க வீட்டுல ராத்திரி கரண்ட் போனா, முதல்ல எது நின்னா கஷ்டம்?"னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அதை யோசிக்கலையே"ன்னார்.

நானும் யோசிக்காமத்தான் முதல் செட்டை வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

பேராவூரணி பக்கம் எங்க ஊரு. தென்னைதான் பிழைப்பு. 2018 நவம்பர் 15ஆம் தேதி ராத்திரி, விடிஞ்சா 16, கஜா புயல் அடிச்சுது. எங்க தாத்தா வச்ச மரமெல்லாம் வேரோட சாய்ஞ்சு கெடந்துச்சு. மரம் போன கதையை இன்னொரு நாள் எழுதறேன். இன்னைக்குச் சொல்ல வந்தது அதுக்கு அடுத்த ராத்திரிகளைப் பத்தி.

அம்மாவுக்கு இழுப்பு நோய் உண்டு. ஈரக்காத்து பட்டா மூச்சு வாங்கும். டாக்டர் சொல்லி வீட்டுலயே நெபுலைசர் வாங்கி வச்சிருந்தோம். அம்மா வாயில அது "பொகை மிஷினு". கரண்ட் இருந்தா அது ஒண்ணுமே இல்லாத வேலை. மருந்தை ஊத்தி, சுவிட்சைப் போட்டா பத்து நிமிஷத்துல அம்மா சாதாரணமாப் பேச ஆரம்பிச்சிடும்.

புயலுக்கு மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு இழுப்பு வந்துச்சு. கரண்ட் கம்பமெல்லாம் வயல்ல கெடக்குது. மெயின் ரோட்டுல ஒருத்தர் ஜெனரேட்டர் போட்டு போனுக்கு சார்ஜ் ஏத்திக் குடுத்துக்கிட்டிருந்தார். அங்க போகணும். ரோடு முழுக்க மரம். அம்மாவை நான் முதுகுல தூக்கிக்கிட்டேன், எங்க சித்தப்பா முன்னால டார்ச் அடிச்சுக்கிட்டே மிஷினைத் தூக்கிட்டு வந்தார். மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, முக்கால் மைல் போக ஒரு மணி நேரம் ஆச்சு. என் காதுக்குப் பக்கத்துல அம்மாவோட மூச்சு 'கீச்சு கீச்சு'ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. அதை இன்னும் மறக்க முடியலை.

வெளிமாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் வயல் சேத்துல இறங்கி, கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போய் நட்டாங்க. அவங்களை எங்க ஊர் சனம் மறக்காது. இருந்தாலும் எங்க தெருவுக்கு கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அத்தனை நாளும் அம்மாவைத் தூக்கிட்டு ஜெனரேட்டருக்கு ஓடறதுதான் வேலை.

அடுத்த வருஷம் மழைக்காலம் வர்றதுக்குள்ள ஒரு சோலார் செட் வாங்கிடணும்னு முடிவு பண்ணினேன். போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. சின்ன பெட்டி, கைப்பிடியோட. '60,000 எம்.ஏ.ஹெச்' பேட்டரி, 50 வாட் மடக்குப் பேனல், ரெண்டு பல்பு, ஏ.சி. பிளக் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். அறுபதாயிரம்ங்கிற எண்ணைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. வாங்கிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் சும்மா ஒத்திகை பார்க்கலாம்னு அம்மாவைத் திண்ணையில உக்கார வச்சு, நெபுலைசரை அந்தப் பெட்டியில சொருகினேன். 'குர்ர்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பெட்டி அணைஞ்சுடுச்சு. மறுபடி போட்டேன், மறுபடி அணைஞ்சுது. அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "விடு தம்பி, பல்பாவது எரியுதே"ன்னுச்சு. நல்லவேளை, அது ஒத்திகை.

அன்னைக்கு ராத்திரிதான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டும் பேனாவும் எடுத்து உக்காந்தேன். டவுன்ல வயரிங் வேலை பார்க்குற ஒரு தம்பி கத்துக்குடுத்தார். அவர் சொன்னதை விவசாயி பாஷைக்கு மாத்தி நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்.

சோலார் செட்டுல மூணு அளவு இருக்கு. பேட்டரி ஒரு தொட்டி. அதுல எவ்வளவு தண்ணி நிக்கும்ங்கிறது வாட்-அவர் கணக்கு. இன்வெர்ட்டர்ங்கிறது தொட்டியில மாட்டின குழாய். ஒரே நேரத்துல எவ்வளவு வேகமா ஊத்தும்ங்கிறது வாட் கணக்கு. பேனல் கிணத்து ஊத்து மாதிரி. ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்ங்கிறதைப் பொறுத்துத்தான் தொட்டி நிறையும். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் மத்த ரெண்டும் வீண்.

என் பெட்டியில என்ன நடந்துச்சுன்னா, 60,000 எம்.ஏ.ஹெச்.ங்கிறது உள்ளே இருக்குற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 60 ஆம்பியர்-அவரை 3.7ஆல பெருக்கினா 222 வாட்-அவர்தான். சரி, நெபுலைசருக்கு அதுவே தாராளம். ஆனா குழாய் சின்னது. மிஷின் அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 130 வாட்னு போட்டிருக்கு. மோட்டார் கிளம்பும்போது அதைவிட ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். பெட்டியோட ஏ.சி. பிளக் 60 வாட்டுக்கு மேல தாங்காது. தொட்டியில தண்ணி இருந்தும் குழாய் வழியா வரலை, அவ்வளவுதான் விஷயம். பேனலையும் அந்தத் தம்பி மீட்டர் வச்சுப் பார்த்தார். 50 வாட்னு எழுதியிருந்தது, உச்சி வெயில்ல 20 வாட்டைத் தாண்டலை.

அப்புறம் எங்க வீட்டு ராத்திரியை நோட்டுல எழுதினோம்.

நெபுலைசர் 130 வாட், பத்து நிமிஷம், நாளைக்கு மூணு தடவை: 65 வாட்-அவர்.
9 வாட் பல்பு ரெண்டு, அஞ்சு மணி நேரம்: 90.
பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட், எட்டு மணி நேரம்: 240.
போன் ரெண்டு: 40.

கூட்டினா 435. அங்கங்க வீணாப் போறதையும் சேர்த்தா 500. ஆயிரம் வாட்-அவர்தான் கரண்ட் பில்லுல வர்ற ஒரு யூனிட். அப்போ எங்க வீட்டுக்கு ஒரு ராத்திரிக்குத் தேவை அரை யூனிட். சில ரூபா பெறாத அந்த அரை யூனிட்டுக்காகத்தான் அம்மாவை முதுகுல தூக்கிட்டு ஓடியிருக்கேன்.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் இன்னொண்ணும் புரிஞ்சுது. உயிருக்கு வேணுங்கிறது 65தான். அதிகமா குடிக்கிறது மின்விசிறி. இக்கட்டு வந்தா எதை நிறுத்தணும்னு நோட்டே சொல்லிடுச்சு.

இப்போ என்கிட்ட இருக்குற செட்டைச் சொல்றேன். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. பெருக்கினா 640 வாட்-அவர். அதுல எண்பது சதவீதம் எடுத்தாலே நம்ம 500 வந்துடும். எடை ஏழு கிலோவுக்குள்ள. முதல்ல நான், "டிராக்டர் பேட்டரிதான் சும்மா கெடக்கே"ன்னு கேட்டேன். தம்பி சிரிச்சார். அது வண்டியைக் கிளப்புறதுக்கு ஒரு நொடி வேகமா குடுக்குற பேட்டரி, ராத்திரி முழுக்க மெதுவா இறக்கினா சீக்கிரம் செத்துப்போயிடும். ஈய பேட்டரியே வாங்கறதா இருந்தாலும் பாதிக்கு மேல இறக்கக் கூடாதாம். அப்போ 100 ஆம்பியர்-அவர் வேணும், முப்பது கிலோ தூக்கணும். தூக்க முடியாததை எப்படி கையடக்கம்னு சொல்றது?

இன்வெர்ட்டர் 500 வாட், ப்யூர் சைன் வேவ். விலை குறைஞ்ச ரகத்துல மோட்டார் உறுமும், சூடாகும். மருந்து மிஷின் விஷயத்துல அந்த மிச்சம் வேண்டாம். அந்த இன்வெர்ட்டரையும் ராத்திரி முழுக்க ஆன்ல வைக்கிறது இல்லை. சும்மா இருக்கும்போதே எட்டு வாட் குடிக்குது. பத்து மணி நேரம் விட்டா 80 போச்சு, அம்மாவோட ஒரு நாள் மருந்தைவிட அதிகம். அதனால பல்பு, மின்விசிறி ரெண்டையும் 12 வோல்ட் ரகமா வாங்கி நேரா பேட்டரியிலயே மாட்டிட்டேன். இன்வெர்ட்டர் பொகை மிஷினுக்கு மட்டும்.

பேனல் 100 வாட்டுல ரெண்டு. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு நாளைக்கு நாலரை, அஞ்சு மணி நேர முழு வெயில்னு கணக்கு வைக்கலாம். சூடு, தூசு, வயர்ல போறதெல்லாம் கழிச்சா 200 வாட்டுல 700 வாட்-அவர் வரைக்கும் கிடைக்கும். பட்டறையில கீல் வச்சு ரெண்டையும் பெட்டி மாதிரி மடக்குறாப்புல செஞ்சுக்கிட்டேன். கன்ட்ரோலர், வயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி ஆச்சு.

"அதுக்கு வீட்டு மேலயே பேனலை மாட்டலாமே"ன்னு கேப்பீங்க. கஜாவுல எங்க மாட்டுக்கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்க போச்சுன்னே தெரியலை. புயல் வருதுன்னா மடக்கி உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில தள்ளுற பேனல்தான், புயல் போன மறுநாள் எனக்கு இருக்கும்.

பழகும்போது பட்ட அடிகளையும் சொல்லிடறேன். முதல் நாள் தோப்புக்குள்ள வச்சேன். ஒரே ஒரு தென்னை மட்டை நிழல் ஒரு ஓரத்துல விழுந்துச்சு. அந்தப் பேனல் குடுக்குறது மூணுல ஒரு பங்காக் குறைஞ்சுடுச்சு. உள்ளே இருக்குற செல்லெல்லாம் வரிசையாக் கோத்திருக்கிறதால, வாய்க்கால்ல ஒரு இடத்துல அடைப்பு விழுந்தா மொத்தத் தண்ணியும் நிக்கிற மாதிரி. இப்போ நெல்லு காயப்போடுற களத்துல, தெற்குப் பார்த்து லேசா சாய்ச்சு வைக்கிறேன்.

அடுத்து வயர். மிச்சம் பிடிக்கலாம்னு வீட்டு வயரிங்ல போடுற ஒன்றரை எம்.எம். வயரை பத்து மீட்டருக்கு இழுத்தேன். 18 வோல்ட்டுல கிட்டத்தட்ட மூணு வோல்ட் வயர்லயே போயிடுச்சு. நாலு எம்.எம். போட்டதும் சரியாச்சு. கன்ட்ரோலர்ல முதல்ல பேட்டரியை மாட்டிட்டு அப்புறம்தான் பேனலை மாட்டணும், கழட்டும்போது பேனல் முதல்ல. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும். கன்ட்ரோலர்ல பேட்டரி ரகம் லித்தியம்னு மாத்தி வைக்கணும்.

இதெல்லாம் கோக்க நேரமில்லைன்னா நீங்க ரெடிமேட் பெட்டியே வாங்கலாம், தப்பில்லை. ஆனா எம்.ஏ.ஹெச். பார்க்காதீங்க. வாட்-அவர் எவ்வளவு, இன்வெர்ட்டர் விடாம எத்தனை வாட் குடுக்கும், ப்யூர் சைன் வேவா, பேட்டரி எந்த ரகம், பேனல் வழியா அதிகபட்சம் எத்தனை வோல்ட், எத்தனை வாட் ஏத்தலாம். இந்த அஞ்சுக்கும் நேரா பதில் சொல்லாத கடையில வாங்க வேண்டாம். வாங்கின அன்னைக்கே உங்களுக்கு முக்கியமான சாமானை மாட்டி ஓட்டிப் பாத்துடுங்க.

எங்க ஊர்க்காரங்க எல்லாரும் கேக்குறது, "இதுல மோட்டார் ஓடுமா?" அஞ்சு குதிரை மோட்டார் 3,700 வாட்டுக்கு மேல கேக்கும். ஓடாது. இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. மழை மூட்டத்துல 200 வாட் பேனல் 30, 40 வாட்தான் குடுக்குது. அதனால புயல் எச்சரிக்கை வந்தா, கரண்ட் இருக்கும்போதே சார்ஜரைப் போட்டு பேட்டரியை நிரப்பி வச்சுடுவேன்.

போன ஐப்பசியில ஒரு மழை ராத்திரி, மரம் விழுந்து லைன் அறுந்துபோச்சு. ரெண்டு நாள் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு லேசா இழுப்பு. திண்ணையில உக்காந்தபடியே பொகை மிஷின் போட்டாச்சு. பத்து நிமிஷம். மூஞ்சியில மாட்டியிருந்ததைக் கழட்டினதும், "எதிர்வீட்டுல கைக்குழந்தை அழுவுதே, கேக்குதா?"ன்னுச்சு. மருமக பிரசவமாகி இருபது நாள்தான் ஆகுது, கொசுவும் புழுக்கமும்.

"எனக்கு எட்டு மணி நேரத்துக்கு இனிமே இது வேணாம். மின்விசிறியோட தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வா தம்பி"ன்னுச்சு அம்மா.

"அப்புறம் உனக்கு?"

"நோட்டுல எழுதி வச்சிருக்கியே, பாரு."

பார்த்தேன். காலையில ஒரு தடவைக்கு இருபத்திரெண்டு வாட்-அவர் மிச்சம் இருந்தா போதும். பேட்டரியை ஒரு கையிலயும் மின்விசிறியை இன்னொரு கையிலயும் எடுத்துக்கிட்டு தெருவைத் தாண்டினேன். விடிகாலையில அவங்களே கொண்டுவந்து குடுத்தாங்க, மீட்டர்ல பாதிக்குக் கிட்ட மிச்சம் இருந்துச்சு.

சென்னை நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். இன்னைக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க. வீட்டுல எது நிக்கக் கூடாது, அதோட ஸ்டிக்கர்ல எத்தனை வாட், எவ்வளவு நேரம் ஓடணும். அந்தப் பேப்பரோட கடைக்குப் போங்க. நேத்து அவர் எழுதி அனுப்பியிருந்தார். முதல் வரியில அவரோட அப்பா தூங்கும்போது மாட்டிக்கிற மூச்சு மிஷின் இருந்துச்சு.