மருந்து எழுதாத படிப்பு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் எமது இல்லங்களில் எழும் கேள்விகள் இரண்டே: "மருத்துவம் கிடைத்ததா? பொறியியல் கிடைத்ததா?" இவ்விரண்டும் கிடைக்காத பிள்ளையைப் பேரிழப்புக்கு உள்ளானவரைப் போல நோக்குவோர் எம்மிடையே பலர். அத்தகைய பிள்ளைகளுக்காகவும் அவர்தம் பெற்றோருக்காகவும் இதனை எழுதுகிறேன்.

என் தங்கையின் மகளுக்கு மிஹிந்தலையிலுள்ள ரஜரட்ட பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்தபோது, வீட்டில் மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. "நானா, ஊசி போடாத, மருந்து எழுதாத படிப்பால் என்ன பயன்? கை கழுவுங்கள் என்று ஊருக்குச் சொல்லவா பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புவது?" என்று தங்கை கேட்டாள். நானோ கலைப் பட்டதாரி; மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். ஆயினும் 20 ஆண்டுகளாக இளம் பிள்ளைகளோடு பழகி வருபவன் என்ற வகையில், அப்படிப்பு யாது என அறிய விரும்பி மருமகளிடமே விளக்கம் கேட்டேன்.

அவள் கூறியதன் சாரம் இது: 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒரு பட்டயத்தை வெளியிட்டது. மக்கள் தமது ஆரோக்கியத்தைத் தாமே பேணவும் உயர்த்தவும் ஆற்றல் பெறச் செய்வதே சுகாதார மேம்பாடு என அது விளக்கியது. அரசின் கொள்கை, வாழும் சூழல், சமூகத்தின் கூட்டு முயற்சி, தனிமனிதத் திறன், சுகாதார சேவையின் போக்கு ஆகிய ஐந்திலும் மாற்றம் வேண்டும் என்றது. இவ்வைந்தில் அறிவுரைக்குரிய இடம் சிறிதே என்பதைக் கவனியுங்கள்.

இது நடைமுறைக்கு ஒத்து வருமா? பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணத்தைப் பாருங்கள். அங்கே நடுத்தர வயது ஆண்கள் இதய நோயால் பெருந்தொகையில் மடிந்தனர். மக்களே அரசிடம் முறையிட்டனர். 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. வெண்ணெய், உப்பு, புகைத்தல் ஆகியவற்றைக் குறைக்கும் முயற்சியில் இல்லத்தரசிகளின் சங்கங்களும் பாடசாலைகளும் உணவு உற்பத்தியாளரும் கைகோத்தனர். சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தன.

எமது நாட்டுக்கும் இவ்வழி புதியதன்று. 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நோய் வருமுன் காக்க மக்களின் இல்லம் தேடிச் செல்லும் பணி அன்றே வேரூன்றிவிட்டது.

இப்போது எம் வீட்டு வாசலுக்கு வருவோம். திருமண வீட்டிலும் கந்தூரியிலும் வெற்றிலைத் தட்டு இல்லாமல் உபசாரம் நிறைவுறுமா? புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

சென்ற விடுமுறையில் மருமகள் என் முன்னிலையில் எமது மத்ரஸாவின் மூத்த மாணவர்களோடு உரையாடினாள். பாக்கின் தீங்கு பற்றி ஒரு சொல்லும் அவள் முதலில் பேசவில்லை. "வாரத்துக்கு எத்தனை பாக்குப் பொட்டலம் வாங்குகிறீர்கள்? எந்நேரத்தில்? ஏன்?" என்று மட்டும் கேட்டாள். மாணவர்கள் தாமே கணக்கெழுதினர். காரணங்களையும் தாமே கண்டனர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் செய்வதற்கு ஏதுமில்லை. கடையில் பொட்டலங்கள் கண்ணெதிரே தொங்குகின்றன. வீட்டில் பெரியவர்களே நீட்டுகின்றனர். பின்னர் அவர்களே கடைக்காரரிடம் சென்று பொட்டலங்களை உள்ளே வைக்க வேண்டினர். நிர்வாகத்திடம் விளையாட இடம் கேட்டுப் பெற்றனர்.

அனைவரும் அப்பழக்கத்தை விட்டொழித்தனர் எனக் கூறமாட்டேன், சிலர் விட்டனர். அவர்களுள் ஒரு மாணவன், தன் தந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் நெடுநாளாக இருந்த வெள்ளைப் படலத்தைக் கவனித்து, அவரை வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றான். "நல்ல வேளையாக முன்னரே வந்தீர்கள்" என்று வைத்தியர் சொன்னாராம். அச்செய்தியைக் கேட்ட பின்னர் என் தங்கை, மகளின் படிப்பைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் தானே எடுத்துரைக்கிறாள்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இத்தகைய படிப்பைத் தேர்ந்தால் அதனை இரண்டாந்தரமாக எண்ணாதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! அப்பிள்ளை விடுமுறையில் ஊர் திரும்பும்போது பள்ளிவாயல் மண்டபத்தைத் திறந்து கொடுத்து, இளைஞர்களையும் தாய்மார்களையும் அழைத்து அமர்த்துங்கள். அடுத்த திருமணத்தில் வெற்றிலைத் தட்டு வேண்டுமா என்பதிலிருந்தே அவர்கள் பேசத் தொடங்கலாம்.