கவுன்டர் அடிக்கத் தடை

ஹைட் பார்க், சிகாகோ

மாப்ள,

குளிர் ஆரம்பித்துவிட்டது. படிப்பு, சாப்பாடு பற்றியெல்லாம் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன், அங்கே கேட்டுக்கொள். உனக்கு வேறு சங்கதி. இங்கே பல்கலைக்கழகத்தில் இம்ப்ரோவ் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் கிடையாது, கூட்டத்திலிருந்து யாராவது கத்திச் சொல்லும் ஒரு வார்த்தையைப் பிடித்து மேடையிலேயே காட்சி கட்ட வேண்டும்.

நம்ம கல்ச்சுரல்ஸ் ஆட்-ஜாப் போட்டி மாதிரிதானே என்பாய். நேர் எதிர்டா. அங்கே எதிராளி வாயை மூடுமுன் கவுன்டர் அடிப்பவன்தான் ஹீரோ. இங்கே ஆடிஷனில் ஒரு பெண், "டாக்டர், என் நிழலைக் காணோம்" என்று ஆரம்பித்தாள். எதிரே நின்ற பையன், "நான் டாக்டர் இல்லை, பிளம்பர்" என்றான். ஒரே சிரிப்பு. அதற்கப்புறம் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை, காட்சி படுத்துவிட்டது. "எத்தனை நாளா காணோம்? நாக்கை நீட்டுங்க" என்றிருந்தால் பிழைத்திருக்கும். எதிராளி சொன்னதை ஒத்துக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பதை 'யெஸ், அண்ட்' என்கிறார்கள். கவுண்டமணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய பத்தியம்.

பயிற்சியில் எனக்குப் பிடித்தது, இல்லாத பொருளைக் கையாள்வதுதான். ஒரு சீனியர் வெறுங்கையில் காபி கப் பிடிப்பாள். விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கப்பின் பருமன் தெரியும். இல்லாத மேஜையில் அதை வைத்ததும் விரல்களை நன்றாக விரித்துவிட்டுத்தான் கையை எடுப்பாள். கப் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் அந்த மேஜை இருக்கும் இடத்தில் எவனாவது குறுக்கே நடந்தால் எங்களுக்கே கோபம் வருகிறது.

இம்ப்ரோவ் வித்தைக்கே சொந்த ஊர் சிகாகோதான். வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக உருவாக்கிய நாடக விளையாட்டுகள்தான் அடித்தளம். அதனாலோ என்னவோ, என் இங்கிலீஷ் உச்சரிப்பைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. ஸ்போலினின் மகன் பால் சில்ஸும் டேவிட் ஷெப்பர்டும் 1955-இல் இந்த வளாகத்துக்குப் பக்கத்திலிருந்த பாரில் காம்பஸ் பிளேயர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதன் வழியில் 1959-இல் செகண்ட் சிட்டி என்ற குழு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பெர்னி சாலின்ஸ் 1986-இல் இங்கே மாணவர்களுக்காக ஆஃப்-ஆஃப் கேம்பஸ் குழுவை ஆரம்பித்தார். நான் சேர்ந்திருப்பது அதில் இல்லை. எங்களுடையது காலி வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு ஆடும் சின்னக் கும்பல்.

மேடையேறுமுன் ஒருவர் முதுகை ஒருவர் தட்டி, "பின்னால நான் இருக்கேன்" என்பது வழக்கம். சினிமாத்தனம்தான். ஆனால் காட்சி இழுத்துக்கொண்டு நிற்கும்போது, யாராவது முன்னால் குறுக்கே ஓடி அதை முடித்துவைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை என் முதல் ஷோ. வார்த்தை கேட்டால் இந்த ஊர்க் கூட்டம் 'அன்னாசிப்பழம்' என்றுதான் கத்துமாம், சீனியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நீ இருந்தால் 'பரோட்டா' என்பாய். அரை மணி நேரம் நான் தாங்குவேன்; சால்னா என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு யார் சொல்வது?

உன்
மாப்ள