கொடுத்தவர் பெயர்

நீண்ட பதிவு. நேரமுள்ளோர் தொடர்க.

ஆய்வில் புதிதாகச் சேர்வோருக்கு நடத்தப்படும் அறிமுக வகுப்புகளில் 'நெட்வொர்க்கிங்' என்னும் சொல் இப்போதெல்லாம் தவறாமல் ஒலிக்கிறது. கருத்தரங்குக்குப் போனால் தேநீர் இடைவேளையை வீணாக்காதீர்கள், மூத்த பேராசிரியர்களிடம் நீங்களே சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள், நாலு பேர் வாயில் உங்கள் பெயர் வரவேண்டும் என்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம், சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் படித்து, மாநில எல்லையை முதன்முறையாகத் தாண்டி வந்து, தேநீர்க் குவளையோடு சுவரோரம் நிற்கும் ஒருவர்தான் என் நினைவுக்கு வருகிறார். அவர் யாரிடம் சென்று, எந்த மொழியில், என்ன பேசித் தம் பெயரை அங்கே நிறுத்துவார்?

சென்ற மாதம் அத்தகைய மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, எனக்கு யாரையும் தெரியாது, என்னையும் யாருக்கும் தெரியாது. எங்கே தொடங்குவது?" உங்கள் கல்லூரி நூலகத்தில் யாரும் திறந்து பார்க்காத பழைய இதழ்த் தொகுதி ஏதேனும் இருந்தால், அதன் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்யுங்கள், செய்து முடித்ததும் தேவைப்படுவோருக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருப்பார். அன்று விளக்க நேரமில்லாமற் போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் ஆய்வு கோலாமி மொழி பற்றியது. தெலங்கானாவின் ஆதிலாபாத் வட்டாரத்திலும் அதை அடுத்த மகாராஷ்டிரப் பகுதிகளிலும் பேசப்படும் நடுத் திராவிட மொழி அது. ஹைதராபாத்துக்கு வந்த முதலாண்டில், முன்னோர் செய்த ஆய்வுகளைத் தேடிச் சோத்கங்காவுக்குள் இறங்கினேன். ஆய்வேடுகளின் மின்படிகளைப் பல்கலைக்கழகங்கள் அளிக்கவேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளை அடுத்து உருவான களஞ்சியம் அது. இந்திய ஆய்வாளர் ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதனுள் ஒன்றைக் கண்டெடுப்பது தனிப் பாடு. ஒரே மொழியின் பெயர் உரோமன் எழுத்தில் பலவாறு எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக நிற்கும். பல ஆய்வேடுகள் வெறும் நிழற்படிகள். சொல் தேட இயலாது. ஆகவே எனக்காக ஒரு விரிதாள் தயாரித்தேன். எழுத்து வழக்கில்லாத திராவிட மொழிகள் பற்றிய ஆய்வேடுகள், எந்த மொழி, எந்த வட்டாரம், எத்தகைய ஒலிபெயர்ப்பு முறை, சொற்பட்டியல் எந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பன அதில் இருந்தன.

நான்கு பேருக்கு அனுப்பினேன். அவர்கள் யார் யாருக்கோ அனுப்பினார்கள். ஓராண்டுக்குள் முன்பின் அறியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. கோண்டி ஆய்வாளர் ஒருவர் விடுபட்ட ஆய்வேடுகளைச் சுட்டிக்காட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், இளமையில் தாம் கையால் எழுதிவைத்த சொற்பட்டியலை ஒளிப்படம் எடுத்து அனுப்பினார். பக்க ஓரங்களில் கரையான் தின்றது போக எஞ்சியது அத்தனையும் தங்கம். பிறகு ஒரு பயிலரங்குக்கு அழைப்பு வந்தது. அழைத்தவருக்கு என் கட்டுரைகள் தெரியாது. பட்டியல் தெரிந்திருந்தது.

பேராசிரியர்கள் 'தொடர்பு' என்று சொல்வது இதைத்தான் என்றால், அது தேநீர் இடைவேளையில் உண்டானதன்று. ஒருவருக்கு ஒருநாள் உழைப்பை மிச்சப்படுத்தியதால் உண்டானது. நம் துறையின் வரலாறும் இவ்வாறே நடந்திருக்கிறது. பரோ ஆக்ஸ்போர்டில் இருந்தார். எமனோ கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தார். அவ்விருவரும் சேர்ந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை 1961இல் கொண்டுவந்தார்கள்; 1968இல் பின்னிணைப்பு, 1984இல் திருந்திய பதிப்பு. இரு கண்டங்களில் இருந்த இருவர், தாம் களத்தில் திரட்டியவற்றை ஒரே நூலுக்குள் கொட்டினார்கள். இன்று அந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவரும் காசின்றித் தேடலாம். நான் நாள்தோறும் தேடுகிறேன்.

ஐராவதம் மகாதேவன் இன்னும் துலக்கமான சான்று. இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர்; பல்கலைக்கழக நாற்காலி எதுவும் அவரைத் தாங்கி நிற்கவில்லை. சிந்துவெளி எழுத்தை அவர் வாசித்த முறையை ஏற்காதவர்கள் பலர். ஆனால் 1977இல் அவர் வெளியிட்ட சொல்லடைவு, 417 குறிகளும் எந்தப் பொருளில், எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று காட்டும் அந்தத் தொகுப்பு, அவர் கருத்தை மறுப்பவர்க்கும் பயன்பட்டது. கணினி கொண்டு குறிவரிசைகளை ஆராய்ந்து 2009இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரைக்கும் அதுவே தரவு. வாசிப்பு சரியா தவறா என்னும் வழக்கு இன்னும் பலகாலம் நடக்கலாம். அதை நடத்துவோர் கையில் அவர் கொடுத்த நூல் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கொடுப்பதற்கு ஆகும் செலவைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இளநிலை ஆய்வு நிதி பெறுவோருக்கு மாதம் 37,000 ரூபாய். அந்நிதி கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வோருக்கு 8,000 ரூபாய். நான் இரண்டாம் வகை. ஹைதராபாத்தில் அந்தத் தொகையில் என்ன செய்யலாம் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மாலையில் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்து, அதன்பின் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கேட்ட கோப்பைத் தேடி அனுப்பும்போது, தாராள மனம் என்பது நிரந்தரப் பணியில் இருப்போர்க்கு எளிதில் வாய்க்கும் குணம் என்று தோன்றும். ஆசிரியர் பணித் தேர்வில் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. நூலுக்குப் புள்ளி உண்டு. பிறர் கட்டுரை எழுத உதவிய பட்டியலுக்கு ஒன்றும் இல்லை.

ஈராண்டுக்கு முன் ஓர் இதழில் வந்த கட்டுரையின் பின்னிணைப்பாக என் பட்டியலைக் கண்டேன். எனக்காக நான் வகுத்துக்கொண்ட சுருக்கக் குறிகள், அவற்றின் வரிசை, எல்லாம் அப்படியே இருந்தன. என் பெயர் மட்டும் இல்லை. இதழாசிரியருக்கு எழுதினேன். அது பொதுவில் கிடைக்கும் தரவு என்று ஒருவரி விடை வந்தது. அதற்குமேல் நான் தொடரவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. கொடுத்தவர் கைம்மாறு கருதக்கூடாது என்று அறிவுறுத்துவோர் உண்டு. மாரிக்கு அது பொருந்தும். மாதம் எண்ணாயிரத்தில் இருப்பவர் தம் பெயரையேனும் எதிர்பார்ப்பதில் என்ன குறை? பெயர் சொல்வது கைம்மாறு ஆகாது. கணக்கை நேராக எழுதுவது, அவ்வளவே.

இந்தக் கணக்கில் நானும் எங்கோ வாங்கியவள் என்பதை மறக்கவிடாத ஒருவர் இருக்கிறார்: சுள்ளி. நீலகிரியின் கோத்தர் இனத்தவர். ஆங்கிலம் கற்றுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்தபோது கோத்தர் கதைகளை அவருக்குச் சொன்னவர். 1944 முதல் 1946 வரை வெளிவந்த கோத்தர் கதைத் தொகுதிகள் சுள்ளியின் வாய்மொழியிலிருந்து பிறந்தவை. மானிடவியலர் மாண்டல்பாமுக்கும் உதவியவர் அவரே. மாண்டல்பாம் 1960இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆயினும் மொழியியல் வகுப்புகளில் எமனோ பெயரை நூறுமுறை கேட்ட நான், சுள்ளி பெயரை வகுப்பில் ஒருமுறையும் கேட்டதில்லை, நூலில்தான் கண்டேன். இத்தகையோரைக் குறிக்க நம் துறை வைத்திருக்கும் சொல் 'தகவலாளி'. ஏதோ துப்புக் கொடுத்தவரைப் போல.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈ, தா, கொடு என மூன்று இரவுச் சொற்கள்: இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு. எனக்கு வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் அவற்றுக்குள் இம்மூன்றில் எது ஒளிந்திருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 'ஈ' என்று கூசிக் கேட்கும் மாணவர்களுக்குத்தான் உடனே அனுப்பத் தோன்றுகிறது. 'கொடு' என்று வருபவை பெரும்பாலும் பதவிப் பெயருடன் கையொப்பமிடப்பட்டிருக்கும்.

அதே அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது: தன்மை, முன்னிலையிடத்தார்க்கு அளிப்பது தருதல், படர்க்கையார்க்கு அளிப்பது கொடுத்தல். எனக்கும் உனக்கும் தருவது, அவருக்குக் கொடுப்பது. இன்றைய தமிழில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. மலையாளத்தில் உயிரோடு இருக்கிறது. 1945இல் எமனோ, திராவிட மொழிகளின் வருதல், தருதல் வினைகள் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தார். முதுகலையில் படித்தபோது இதை இலக்கணச் செய்தியாக மட்டும் குறித்துவைத்தேன். சென்ற ஆண்டு அது என் ஆய்வுக்குள்ளேயே வந்து நின்றது.

உட்னூருக்கு அருகே ஒரு சிற்றூரில், நான் 'அவ்வா' என்றழைக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். என் ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல் அவர் குரல். அவர் தம் திருமணக் கதையைச் சொல்லும்போது, ஒரு நிலத்தகராறும் அதில் உறவினர் நடந்துகொண்ட விதமும் இடையில் வந்துவிட்டன. சொல்லி முடித்தபின் என் கருவியைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார்: "இதை உனக்காகச் சொன்னேன். ஊரில் போட்டுவிடாதே." ஒப்புதல் படிவத்தில் அவர் கைநாட்டு இருக்கிறது. ஆய்வுக்கும் பகிர்வுக்கும் இசைவு என்று அதில் எழுதியிருக்கிறது. படிவத்தின்படி அந்தக் கதை முழுவதும் என் கையில்.

மூத்த ஆய்வாளர் ஒருவர் பெருந்தரவகம் ஒன்றைத் தொகுக்கிறார். என் பதிவுகள் அனைத்தையும் அளித்தால் என்னை இணைத் தொகுப்பாளராகச் சேர்ப்பதாக எழுதினார். மரியாதையான கடிதம், 'தா' என்னும் தொனியில் வந்தது. வேலை தேடும் நிலையில் அத்தகைய தொகுப்பில் பெயர் வருவது எளிய செய்தியன்று. அது மட்டுமன்று. எல்லாவற்றையும் பகிர்பவள் என்று பெயரெடுத்துவிட்டவள், இதை மட்டும் மறுத்தால் என்ன நினைப்பார்கள் என்னும் தயக்கமும் இருந்தது. தாராளத்தால் வந்த பெயர், மேலும் தாராளமாக இரு என்று நெருக்கும் என்பதை அதற்குமுன் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பட்டியல் என் உழைப்பு. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவ்வாவின் கதை எனக்குத் தரப்பட்டது. தந்ததைக் கொடுப்பதற்கு அவர் இசைவு இன்னொருமுறை வேண்டும். கைநாட்டு அதற்குப் போதாது. சொற்பட்டியலையும், இலக்கணத்துக்காகக் கேட்டுப் பெற்ற தொடர்களையும் பற்றி அவரிடமும் அவர் பேரனிடமும் தனித்தனியே பேசி இசைவு பெற்று அனுப்பினேன். கதைகளை நிறுத்திவைத்தேன்.

அப்படிப் பேசியபோது அவ்வா கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "என் பெயரைப் போடுவாயா?" ஆய்வு அறநெறிக் குழுக்கள் பேசுவோரின் பெயரை மறைக்கச் சொல்கின்றன; 'பேசுநர் 3, பெண், ஏறத்தாழ 70' என்று எழுதச் சொல்கின்றன. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அவருக்கோ கதை வெளியே போகக்கூடாது, பெயர் போகவேண்டும். தம் பெயர், தந்தை பெயர், தாம் பிறந்த ஊர்ப் பெயர் மூன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, நான் எழுதியதைப் பேரனிடம் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். தரவகத்தின் படிவத்தில் அதற்குரிய கட்டம் இல்லை. இணைத் தொகுப்பாளராக என் பெயரை இடுவதாயின், சொற்பட்டியலின் முகப்பில் அவர் பெயரும் இடம்பெறவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஆறு வாரம் ஆகிறது, மறுமொழி இல்லை. எதுவாயினும் என் ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். நெறியாளரிடம் பேசிவிட்டேன்.

பொங்கலுக்குப் பின் மீண்டும் அவ்வூர் செல்கிறேன். பதிவுகளை முதலிலிருந்து போட்டுக்காட்டி, எவை உனக்கு, எவை பிறர்க்கு என்று அவரையே பிரிக்கச் சொல்வதாக ஏற்பாடு. காதில் மாட்டும் கருவி இரண்டு தேவை. ஹைதராபாத்தில் யாரிடமாவது இருந்தால் ஒரு வாரத்துக்கு இரவல் தருக.

ஆய்வேட்டுப் பட்டியலின் திருந்திய படி தயாராகிவிட்டது. குவி, பர்ஜி, கதபா மொழிகளுக்கான பகுதிகள் புதியவை. திருத்தம் அனுப்பிய ஒவ்வொருவர் பெயரும் இரண்டாம் தாளில் இருக்கிறது. யாரேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன். வேண்டுவோர் உட்பெட்டியில் ஒருவரி எழுதினால் போதும். ஞாயிறு மாலைக்குள் அனுப்புவேன்.